மிச்சம் பிடித்த காசு

ஜவுளிக்கடை ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செல்வம் மூன்று மாதமாக நச்சரிக்கிறான். என்னோடு வேலை பார்த்தவன், இப்போது அதே கடையில் மாடி மேற்பார்வையாளர். “முப்பத்துநாலு வருசம் சேலை வித்திருக்கீகண்ணே. எப்படி வித்தீகன்னு எழுதுங்க. புதுசா வர்றவுகளுக்கு உதவும்” என்கிறான். எப்படி விற்றேன் என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. படித்த பிறகு அதை மலரில் போடுவார்களா என்பதுதான் சந்தேகம். போடாவிட்டாலும் பரவாயில்லை, எழுதி முடித்தால் அவன் போன் பண்ணுவதாவது நிற்கும்.

வண்டியூரில் மகன் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். கடையில் சேலை விரித்துக் காட்டுகிற மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே முழங்கால் இரண்டும் போய்விட்டன. வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதால், பார்சல் வந்தால் கையெழுத்துப் போடுவது என் வேலை. வாரத்துக்கு மூன்று வருகிறது. மருமகள் நல்ல பெண், ஊதாரி என்று சொல்ல முடியாது. போனில் ‘இன்று மட்டும்’ என்று வருகிறது, ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று வருகிறது, அவளும் வாங்குகிறாள். பரணில் பிரிக்காத டப்பா ஏழெட்டு இருக்கிறது. மகன் என்னிடம், “நீங்களாச்சும் சொல்லுங்கப்பா” என்கிறான். நான் வாயைத் திறப்பதில்லை. இரண்டே இருக்கிறது என்று நானும் சொல்லியிருக்கிறேன், கிடங்கில் இருநூறு கட்டிக் கிடக்கும்போது. அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. முதல் வருஷம் மடித்தேன். இரண்டாம் வருஷமும் மடித்தேன். மூன்றாம் வருஷம் விரிக்க விட்டார்கள். அவ்வளவுதான் பயிற்சி. மற்றதெல்லாம் ராமசுப்பு சாரிடம் கற்றது.

ராமசுப்பு சார் எங்கள் மேனேஜர். ஒல்லியான மனிதர், வெள்ளை முழுக்கை, சட்டைப்பையில் இரண்டு பேனா. முப்பது வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் திட்ட மாட்டார். வாடிக்கையாளர் வெறுங்கையோடு எழுந்து போனால் பின்னால் வந்து நிற்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார், மாட்டிக்கொள்வார், “என்ன முருகேசு, அவுகளுக்கு நம்ம கடை பிடிக்கலையா?” என்பார். அதைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய பாடங்கள் சின்னச் சின்னவை. வாங்குங்க என்று சொல்லாதே, சும்மா பாருங்க என்று சொல். விலையைச் சொல்லாதே, குறைத்ததைச் சொல். பிடித்திருக்கிறதா என்று கேட்காதே, தோளில் போட்டுக் கண்ணாடியைக் காட்டு. கை ஒரு சேலைமேல் இரண்டு தடவை போனால் அதை மெதுவாக எடுத்து உன் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள். அவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, “இது உங்களுக்குன்னு எடுத்து வச்சது” என்று நீட்டு. எடுத்து வைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனுஷருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தில்தான் எங்கள் கடை நாலு மாடி எழும்பியது.

ஆடி மாதம் வந்தால் லிஃப்ட்டுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. யார் எதற்கு வந்தாலும் நேரே நாலாம் மாடிக்குக் கொண்டுபோய் விடும். நடு மாடிகளில் நிற்காது. இறங்குவதற்கு லிஃப்ட் கிடையாது, படிதான். ஒரு கைக்குட்டை வாங்க வந்தவர்கூட நாலு மாடித் தள்ளுபடியையும் மிதித்துக்கொண்டுதான் தெருவுக்கு வர வேண்டும். லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் எங்களுக்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் மசியாத ஒரே ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்திருக்கிறேன். பேச்சியம்மா என்று பெயர். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். கணவர் இல்லை, ஒரே மகள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் எங்களுக்கு அக்காதான், நாங்கள் அவர்களுக்கு அண்ணன்தான். வருஷா வருஷம் ஆடியில் வருவார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் ஒரே ஒரு வரி இருக்கும். ‘அம்மாவுக்கு நூல் சேலை ஒன்று’ என்பதுபோல.

அந்தச் சேலையை எடுப்பார், முந்தானையை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பார். “அண்ணே, அறுபதாம் நம்பர் நூலுன்னு போட்டிருக்கீக. இது நாப்பதுதான். வேற காட்டுங்க” என்பார். மில்காரரிடம் நூல் கதை செல்லாது. நல்லதாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நாலு சேலையை விரிப்பேன். அவர் ரசித்துப் பார்ப்பார். “நல்லாருக்குண்ணே” என்பார். பிறகு அந்தச் சீட்டை எடுத்து, முதல்முறை பார்ப்பதுபோல உரக்க வாசிப்பார். வாசித்துவிட்டு, “இதுல இல்லியேண்ணே” என்று சொல்லி எழுந்துவிடுவார். கோபமோ கூச்சமோ இருக்காது. ஐந்தாறு வருஷம் இப்படி. எங்கள் மாடியில் அவருக்குச் ‘சீட்டக்கா’ என்றே பெயர். சீட்டக்கா எந்த மெத்தைக்குப் போகிறாரோ அந்த விற்பனையாளரை மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். பெரும்பாலும் என் மெத்தைக்குத்தான் வருவார். நான் நூல் நம்பரில் பொய் சொல்வதை இரண்டாம் வருஷமே நிறுத்திவிட்டேன், அதனால் இருக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பதினோரு வருஷம் முந்தைய ஆடி அது. பேச்சியம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பெயர் ரேவதி. ப்ளஸ் டூ முடித்த பெண், அம்மாவுக்கு ஒரு தலை உயரம். நாலாம் மாடியிலிருந்து இருவரும் இறங்கி வருவதை ராமசுப்பு சார் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். பின்னால் வந்து நின்றார்.

“முருகேசு, இத்தனை வருசமா அந்தம்மா சீட்டுல இல்லாததக் குடுக்கப் பாக்குற. அதான் போக மாட்டேங்குது” என்றார்.

“வேற என்ன சார் செய்யச் சொல்றீங்க?”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து என் மெத்தைமேல் வைத்தார். “சீட்ட நீளமாக்கு” என்றார். போய்விட்டார்.

அந்த வருஷத்துச் சீட்டில் இருந்த ஒரே வரி மகளுக்குச் சீருடைத் துணி. அது மூன்றாம் மாடியில். அதை எடுத்துக்கொண்டுதான் இரண்டாம் மாடியில் என் மெத்தைக்கு வந்திருந்தார்கள். ரேவதியின் கண் மெஜந்தா நிறத்துப் பட்டு மாதிரிச் சேலை ஒன்றின்மேல் போனது. ஒரு தடவை போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நான் எண்ணினேன். எண்ணுவது தொழில்.

“என்னக்கா, வெள்ளத் துணியெல்லாம் எடுத்திருக்கீக?”

“நர்ஸு படிப்புண்ணே. இவளுக்கு எடம் கெடச்சிருச்சு. நாளைக்கிப் போயிப் பணம் கட்டணும். துணிய இன்னைக்கே எடுத்துருவோம்னு வந்தோம்.” சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் பார்த்தேன்.

நாளைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையே பொய். விழுந்தது, ஆனால் எனக்கு அது இன்றைக்கு இவர் பையில் பணம் இருக்கிறது என்றுதான் கேட்டது. இருபது வருஷம் மெத்தையில் உட்கார்ந்தவன் காது அப்படித்தான் ஆகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

“உக்காருங்கக்கா. வாங்க வேணாம், சும்மா பாருங்க” என்றேன். உட்கார்ந்தார்கள். மெஜந்தாவை ரேவதியின் தோளில் போட்டேன். அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்த பார்வையை அம்மா பார்த்தார். அவர் கை சீட்டைத் தேடியது. வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அதற்குள் நான் பேனாவை நீட்டினேன்.

“சீட்டுல இல்லேன்னு சொல்லப் போறீக. சரிதான். ஆனா நீங்க யோசிச்சு எழுதுற ஆளு. இந்தத் தடவ கொஞ்சம் அவசரத்துல எழுதிப்புட்டீக. பொண்ணு மூணு வருசத்துல வேலைக்குப் போகப் போகுது. மொத நாளு என்னத்தக் கட்டிட்டுப் போகும்? அப்பறம் நிச்சயம், கல்யாணம்னு வரும். அன்னைக்கி இதே சேல என்ன விலைக்கி இருக்கும்? என்னைக்கின்னாலும் வாங்க வேண்டியதுதான? வேண்டாததையா எழுதச் சொல்றேன்? வேண்டியத எழுதுங்க.”

பேச்சியம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் யோசித்தார். யாருக்கும் மசியாதவர் தன்னுடைய சீட்டுக்கு மட்டும் கட்டுப்படுவார். சீட்டில் ஏறிவிட்டால் அது தேவை, ஏறாவிட்டால் ஆசை. அவருக்குக் கணக்கு அவ்வளவுதான். நான் அந்தச் சீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ‘வேலைக்குச் சேர ஒன்று’ என்று எழுதினார். ‘நிச்சயத்துக்கு ஒன்று’ என்று எழுதினார். மூன்று எடுத்தால் மேலும் தள்ளுபடி என்றேன். ‘அம்மாவுக்கு ஒன்று’ என்று வந்தது. ஆறுக்கு இன்னும் கூட என்றேன். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக்கூட ஒரு சேலை எழுதினார். மாப்பிள்ளை யார் என்று அந்த ஆண்டவனுக்குக்கூட அன்றைக்குத் தெரியாது.

ஆறு சேலை. பில்லில் ‘ஆடிச் சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று முத்திரை குத்தினார்கள். அவர்கள் படியிறங்கியதும் மாடியே என்னைத் திரும்பிப் பார்த்தது. செல்வம் கை தட்டினான். ராமசுப்பு சார் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் கையால் டீ வாங்கியது நான் ஒருவன்தான். பெருமையாக இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை ஷட்டர் திறக்கும் முன்பு கடை வாசலில் இருவரும் நின்றார்கள். ரேவதியின் கையில் எங்கள் கடைப் பை. பேச்சியம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. எந் தப்புதான்” என்றார்.

என்ன தப்பு என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நேத்து நீங்க ஒவ்வொண்ணுக்கும் இம்புட்டுக் குறைச்சிருக்கு, இம்புட்டு மிச்சம்னு சொல்லச் சொல்ல, நான் அத மனசுக்குள்ள கூட்டிக்கிட்டே வந்தேன். கடைசில பாத்தா நல்ல தொக நின்னுச்சு. சரி, பீஸுக்கு அது போதும்னு நெனச்சுப்புட்டேன். பஸ்ஸுல போறப்பக்கூட நிம்மதியாத்தான் போனேன். வீட்டுல போயிப் பைய அவுத்தா, காசு இல்ல. மிச்சம் புடிச்ச காசு எங்கன்னு தேடுறேண்ணே. பைக்குள்ள தேடுறேன், துணிக்குள்ள ஒதறிப் பாக்குறேன். இவதான், ‘அம்மா, அது நம்ம கையில இருந்த காசு இல்லம்மா’ன்னு சொன்னா.”

மில்லில் நூல் சுற்றிய கோன் எண்ணிக்கை தப்பாத பெண்மணி. குறைத்ததைக் கையிருப்பாக எண்ணிவிட்டார். குறைத்ததைச் சொல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அது புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மில்லில் சம்பளத்துக்கு இன்னும் எட்டு நாள். அக்கம்பக்கத்தில் கேட்கக்கூடிய வீடுகளில் எல்லாம் ராத்திரியே கேட்டாயிற்று. எனக்கும் மாதக் கடைசி. நானும் செல்வமும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்ததில் பஸ் செலவுக்குத்தான் தேறியது.

ராமசுப்பு சாரிடம் போனேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“பில்லு போட்டது போட்டதுதான் முருகேசு. ஒருத்தருக்குத் திருப்பி எடுத்தா நாளைக்கி இந்தத் தெரு கொள்ளாது.”

“பொண்ணு படிப்பு சார்.”

“எல்லாப் பையிலயும் ஏதோ ஒண்ணுக்கு வச்ச காசுதான் முருகேசு இருக்கும். சும்மா கெடக்குற காச யாரும் ஜவுளிக்கடைக்குக் கொண்டாறதில்ல.” அவர் குரலில் ஏளனம் இல்லை. வருத்தமும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணும்னா ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வா. சாப்பாட்டு நேரத்துல கழிச்சுக்கிறேன்” என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தேன். கடைக்கு எதிர்ச்சாரியில் மின்கம்பத்தடியில் கொஞ்சம் இடம் இருந்தது. ரேவதியின் கையிலிருந்த பையை வாங்கிக் கவிழ்த்தேன். அவள் துப்பட்டாவைக் கீழே விரித்து, ஆறு சேலையையும் அடுக்கினேன். இருபது வருஷத்துக்கு மேல் மெத்தையில் உட்கார்ந்து விற்றவன் முதல்முறையாகத் தெருவில் நின்று விற்றேன்.

ஆடிக் கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. “உள்ள நாலு மாடி ஏறணும்க்கா, இங்கன நின்ன எடத்துலயே பாருங்க. சும்மா பாருங்க” என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மா கொடுத்த விலைதான் சொன்னேன், ஒரு ரூபாய்கூடக் கூட்டி வைக்கவில்லை. என் உடம்பில் கடைச் சட்டை. பையில் கடைப் பெயர். கடையே வெளியில் போட்டு விற்கிறது என்று பெண்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன். ஒருத்தியிடம் இரண்டே இருக்கிறது என்று சொன்னேன், அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஐந்து போய்விட்டன. எனக்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் காட்டினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்து வைக்க மெத்தை இல்லை, அதனால் பேச்சியம்மாவின் கையில் கொடுத்து வைத்து, “இது உங்களுக்குன்னு எடுத்து வச்சது” என்று அவர் கையிலிருந்தே வாங்கிக் கொடுத்தேன்.

மிஞ்சியது மெஜந்தா. ரேவதியின் தோளில் போட்ட சேலை. அது விற்றால்தான் தொகை நிறையும். அது நல்ல சேலைதான், ஆனால் கொஞ்சம் பளபளப்பு அதிகம். எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் வைத்துவிட்டுப் போனார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. படிக்கிற இடம் திருமங்கலத்தைத் தாண்டி, பஸ் பிடித்துப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்கு முன்னால் சான்றிதழ் நகல் எடுக்க வேண்டும், படம் ஒட்ட வேண்டும். ராமசுப்பு சார் கொடுத்த ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிட்டது.

அப்போது ஒரு அம்மா வந்தார். பெரியாஸ்பத்திரிப் பக்கமிருந்து நடந்து வந்தவர். கையில் வயர் கூடை, அதில் பெரிய ஸ்கேன் கவர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சேலையைப் பார்த்து நின்றார். தொட்டார். விலை கேட்டார். நான் விலையைச் சொல்லாமல் குறைத்ததைச் சொன்னேன்.

“வேணாம்யா. மருந்து வாங்கணும்” என்று சொல்லி ஓரடி வைத்தார். ஆனால் கை சேலைமேலேயே இருந்தது.

“வாங்க வேணாம்மா. சும்மா பாருங்க.” தோளில் போட்டேன். பக்கத்துப் பாத்திரக்கடைக் கண்ணாடியைக் காட்டினேன். அந்த அம்மா கூடையைத் தரையில் வைத்துவிட்டுத் தன்னைப் பார்த்தார். “எம் மருமகளுக்கு நல்லாருக்கும்” என்றார். “எடுத்துட்டுப் போங்கம்மா, வீட்டுக்கு வந்த புள்ள சந்தோசப்படும். இந்த விலை இனிக் கிடைக்காது” என்றேன். அவர் சுருக்குப்பையை அவிழ்த்தார். மடித்த மருந்துச் சீட்டுக்குள்ளிருந்துதான் பணம் வந்தது. நான் கை நீட்டி வாங்கினேன். சேலையைக் கூடையில் ஸ்கேன் கவருக்கு மேலே வைத்துக் கொடுத்தேன். அவர் மருந்துக்கடை இருக்கும் பக்கம் திரும்பவில்லை, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்து போனார்.

நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவரும் அந்த முதுகையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம், அவர் சொல்லியிருக்கலாம். ரேவதி, “அம்மா, நேரமாகுதும்மா” என்றாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இருவரும் ஓடினார்கள்.

உள்ளே போனால் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கடைக்கு எதிரிலேயே கடைச் சட்டையோடு நின்று, திருப்பி எடுக்காத சரக்கைத் தெருவில் விற்றவனை எந்த முதலாளி வைத்திருப்பான்? ராமசுப்பு சார் இரண்டாம் மாடி ஜன்னலருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“ஆறு சேலை. ரெண்டு மணி நேரம். மெத்தை இல்ல, ஏசி இல்ல, கண்ணாடிகூடப் பாத்திரக்கடைக்காரனுது” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தார். “இது நமக்கு இத்தனை வருசமாத் தோணலையே முருகேசு.”

மறுநாள் கடை வாசலில் பந்தல் போட்டார்கள். ஒரு நீள மேசை, ஒரு மைக். பின்னால் ஒரு ஆள் உயரக் கண்ணாடி. நகரத்தில் இன்றைக்கு எந்த ஜவுளிக்கடை வாசலிலும் நீங்கள் பார்க்கிற மேசைதான். எங்கள் தெருவில் அதை முதலில் போட்டது எங்கள் கடை, அதில் முதலில் நின்றவன் நான். சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மகன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். ஓய்வு பெறும்வரை ஆடி, தீபாவளி, பொங்கல் என்று அந்த மேசையில்தான் நின்றேன். மெத்தையில் போனது முழங்கால், மேசையில் போனது தொண்டை.

அடுத்த ஆடியில் பேச்சியம்மா வந்தார். மேசைக்கு நேராக வந்தார். நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

“பாப்பா எப்படிப் படிக்குதுக்கா?”

“நல்லாப் படிக்குறாண்ணே. மொத வருசம் முடியப் போகுது. ஆஸ்பத்திரிக்கிப் பழக விட்டிருக்காக. நோயாளிகள அவ்வளவு பதமாப் பாக்குறாளாம், டீச்சரம்மா சொன்னாக.” சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்தார். ஒரே வரி. உள்பாவாடைத் துணி, இரண்டு. அது உள்ளேதான் இருக்கிறது என்றேன். போகாமல் நின்றார்.

“அண்ணே, அன்னைக்கி ஸ்கேன் கவரு வச்சிருந்தாகளே ஒரு அம்மா. அவுக திரும்பி வந்தாகளா?”

“வரலக்கா.”

“வந்துதான் இருப்பாக” என்றார் பேச்சியம்மா. “எனக்காச்சும் திருப்பிக் குடுக்க வர்றதுக்கு ஒரு கட இருந்துச்சு. அவுக வந்து பாத்திருப்பாக. அந்தக் கம்பத்தடியில யாரும் இருந்திருக்க மாட்டாக.”

 அவர் சீட்டை மடித்துக்கொண்டார். “எம் மகளுக்குப் படிப்ப வாங்கிக் குடுத்தீக. உங்கள நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நானுந்தான பாத்துக்கிட்டு நின்னேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு உள்பாவாடைத் துணியோடு வெளியே வந்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பிறகு எங்கள் கடைக்கு அவர் வரவில்லை.

அதற்கப்புறம் மேசையில் நிற்கும்போதெல்லாம் கூட்டத்துக்குள் அந்த அம்மாவைத் தேடினேன். வந்தால் பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கவரில் தனியாகப் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஆனால் தேடுவது எப்படி என்று தெரியவில்லை. எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை. சிவப்பா கறுப்பா, குட்டையா நெட்டையா, மூக்குத்தி போட்டிருந்தாரா, ஒன்றும் தெரியாது. அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மெஜந்தா உடல், கிளிப்பச்சைக் கரை, அரை இஞ்சு ஜரிகை, முந்தானையில் மூன்று வரிசை மாங்காய். அதைக் கட்டிக்கொண்டு அவரோ அவர் மருமகளோ வந்தால்தான் எனக்கு அடையாளம் தெரியும். பத்து வருஷம் நின்று பார்த்தேன். அதைக் கட்டிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.